மூன்றாவது கோடு

அரசப்பனுக்கு இரண்டு தொடையும் கட்டையாக இறுகிக் கிடந்தன.

பத்து நாளாக இரண்டு ஆள் பாரம் மிதித்த தொடைகள். படுத்து எழுந்தாலும் வலி போவதில்லை.

கேரியரில் தேசப்பன். சைக்கிள் அவனுடையதுதான். இரண்டு பேரும் வேலை செய்யும் இரும்பு வார்ப்புப் பவுண்டரியில் உருக்கிய இரும்பு சொட்டி அவனுடைய வலது பாதம் வெந்துபோனதிலிருந்து மிதிப்பது அரசப்பன். கால் வெந்தது என்று வீட்டில் உட்கார முடியாது. உட்கார்ந்தால் அன்றைக்கே அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பான். அதனால் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு தினமும் போய் மணல் சலித்தான்.

ஊரிலிருந்து திருப்பாச்சூர் தார் ரோட்டைப் பிடிக்க நாலு மைல் செம்மண் தடம். நடுவில் மூன்று மேடு. மேடு வந்தால் கேரியரில் இருப்பவன் இறங்கித் தள்ள வேண்டும், இறக்கத்தில் ஏறி உட்காரலாம். அந்தப் பக்கம் டபுள்ஸ் போகிற எல்லாருக்கும் அதுதான் சட்டம்.

ராத்திரி பெய்த மழை தடத்தை அறுத்துப் போட்டிருந்தது. முதல் மேட்டிலேயே நேரம் போய்விட்டது.

இரண்டாவது மேட்டின் பாதியில் பவுண்டரியின் முதல் சங்கு கேட்டது.

இன்னும் பதினைந்து நிமிஷத்தில் அடுத்த சங்கு. அது ஊதிய பிறகு வந்தால், கேட் பக்கத்துக் கரும்பலகையில் டோக்கன் நம்பருக்கு நேரே சாக்பீஸால் ஒரு கோடு. ஒரே மாதத்தில் மூன்று கோடு விழுந்தவனிடம் டோக்கனைப் பிடுங்கிக்கொண்டு வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். அந்தப் பித்தளை வில்லைக்காக இரண்டு பேரும் ஒன்றரை வருஷம் கேட்டில் நின்றிருக்கிறார்கள்.

இந்த மாதம் இரண்டு பேருக்கும் இரண்டிரண்டு கோடு. எல்லாம் தேசப்பனின் கால் வெந்த பிறகு விழுந்தவை.

அரசப்பன் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தான். பின்னாலிருந்து தேசப்பன் நொண்டி நொண்டித் தள்ளினான். திடீரென்று கையை எடுத்துவிட்டான். சைக்கிள் ஒரு முழம் பின்னால் சரிந்தது.

“இன்னாடா உட்டுட்ட? தள்ளு.”

“ரெண்டு பேரும் போனா ரெண்டு பேரும் லேட்டு. நீ ஏறிப் போ. நான் நடந்தே வரேன்.”

“நடந்து வந்து? மூணாவது கோடு உழும். டோக்கனப் புடுங்கிக்குவான்.”

“எனக்கு ஏதுடா கோடு? நேத்து சோத்து பெல்லுல மேஸ்திரிகிட்ட சொல்லி அழிச்சுட்டேன்.”

மேஸ்திரி சத்தியவேடு பக்கத்துத் தெலுங்கர். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

“இன்னா சொன்ன?”

“தப்பு அயிந்தி நைனான்னேன். காலக் காட்டினேன். துணிய எடுத்து ரெண்டு கோட்டையும் தொடச்சுட்டாரு, பாவம்.”

“நீ பேசுற தெலுங்குக்கு அந்தாளு இன்னும் ரெண்டு கோடுல்ல போட்டிருப்பாரு.”

“போடா. உனக்கும் சேத்துத்தான் கேட்டேன். அவனுக்கு காலு நல்லாத்தானே கீதுன்னுட்டாரு.”

தேசப்பன் சிரித்தான். சிரித்துக்கொண்டே குனிந்து காலில் கட்டிய துணியை அவிழ்த்துக் கட்டினான். துணி செம்மண்ணில் ஊறிக் கிடந்தது. முடிச்சு சரியாக விழுந்த பிறகும் நிமிரவில்லை.

அரசப்பன் அவனுடைய பிடரியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

“போடா பேஜாரு. நின்னுக்கினு கீறான்” என்றான் தேசப்பன், தரையைப் பார்த்து.

அரசப்பன் ஏறி மிதித்தான்.

பத்து நாளில் முதல் தடவையாகச் சைக்கிள் சைக்கிளாக இருந்தது. மேடு காலுக்கடியில் தானாக நழுவியது. தொடைவலி அப்படியேதான் இருந்தது, ஆனால் மிதிக்க முடிந்தது. மூன்றாவது மேட்டின் உச்சியில் நின்று மூச்சு வாங்கினான். அங்கிருந்து திரும்பினால் வந்த தடம் முழுக்கத் தெரியும்.

அவன் திரும்பவில்லை. திருப்பாச்சூர்க் கோயில் கோபுரம் இருந்த பக்கம் பார்த்து இறக்கத்தில் விட்டான். பிரேக் கட்டை தேய்ந்துபோய் கிறீச்சிட்டது. தார் ரோட்டில் எதிரே வந்த லாரிக்காரன் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனான்.

கேட்டில் வாட்ச்மேன் யேசுதாஸ் பாதிக் கதவைச் சாத்திவிட்டு, சாக்பீஸும் கையுமாக நின்றிருந்தான்.

“எங்கய்யா உன் ஜோடி?”

“வரான்.”

அரசப்பன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடிப்போய் டோக்கனை ஆணியில் மாட்டினான். இரண்டாவது தடவைதான் மாட்டியது. அவன் கையை எடுக்கவும் சங்கு ஊதவும் சரியாக இருந்தது.

யேசுதாஸ் கதவைச் சாத்தினான். வராதவர்களின் நம்பரைத் தேடிக்கொண்டு கரும்பலகை முன்னால் போய் நின்றான்.

அரசப்பன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. நேற்று சாயங்காலம், சோத்து பெல் அடித்து நாலு மணி நேரம் கழித்து, வேலை முடிந்து போகும்போதே பார்த்திருந்தான். அவன் நம்பருக்கு நேரே இரண்டு கோடு. தேசப்பனுக்கு நேரேயும் இரண்டு கோடு. எதையும் யாரும் துடைக்கவில்லை.

சட்டையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு உலைப்பக்கம் நடந்தான்.

தேசப்பனுக்கு அவன் ஒரு வேலையைக் கடன்பட்டிருந்தான்.