செவ்வாய்க்கிழமைக் கோளாறு

“இன்னைக்கும் படுத்துக்கிச்சு” என்றார் புரோகிராமர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். எடுத்தால் தூங்கிவிடுவோமோ என்று பயம்.

எதிரே உட்கார்ந்திருந்த காப்புரிமை வக்கீல் நிமிர்ந்தார். “எது?”

“நாலாவது சார். செவ்வாய்க்கிழமையானா காலையில பதில் சொல்லாது. மத்தியானம் தானா எழுந்து உட்கார்ந்துக்கும்.”

அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தவர்களின் விவரங்கள் நான்கு டேட்டாபேஸ்களில் சிதறிக் கிடந்தன. தேர்வுத் துறையினுடையது ஒரு மாதிரி, விடுதியினுடையது ஒரு மாதிரி, நூலகத்தினுடையது இன்னொரு மாதிரி. ஒன்றின் பாஷை மற்றதற்குப் புரியாது. நான்காவதான பழைய மாணவர் பதிவின் பாஷையோ யாருக்குமே புரியாது. அதை எழுதியவர் வேலையை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிறது.

ஒரே கேள்வியை நான்குக்கும் அதனதன் பாஷையில் மாற்றிக் கேட்டு, ஒரே பதிலாக வாங்கித் தரும் மென்பொருள்தான் புரோகிராமரின் கண்டுபிடிப்பு. நான்கு வருஷ உழைப்பு. தலைமுடியில் பாதி அதற்கே போய்விட்டது.

முதல் மூன்றும் சொன்ன பேச்சைக் கேட்டன. நான்காவதுதான் பிடிகொடுக்கவில்லை. கொஞ்ச நாள் அதற்கான கேள்விகளைக் கீழ்த்தளத்துப் பதிவறையின் பிரிண்டருக்குச் சீட்டாக அனுப்பி, அங்கிருந்த குமாஸ்தா டைப் செய்து அனுப்பும் பதிலை வாங்கி ஒப்பேற்றினார். குமாஸ்தா மாற்றலாகிப் போனதோடு அந்த ஏற்பாடும் நின்றுபோனது.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, சலித்துப்போய் எதையோ மாற்றி எழுதிவிட்டு வீட்டுக்குப் போனார். திங்கட்கிழமை வந்து பார்த்தால் நான்காவது பதில் சொல்லிக்கொண்டிருந்தது! அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் கை வைக்கவே இல்லை. ஓடுகிற வண்டியை யாராவது நிறுத்திப் பார்ப்பார்களா?

“மத்த மூணும் ரெண்டு செகண்டுல சொல்லுது. இது மட்டும் ஏன் இருபது நிமிஷம்?” என்றார் வக்கீல்.

“பழைய மெஷின் சார். முக்கி முனகித்தான் வரும்.”

“பரவாயில்லை. பாஷை மாத்துற மென்பொருள் வெளியில நிறைய இருக்கு. என்னை அசத்தினது இதுதான்.” வக்கீல் ஒரு தாளைத் தட்டிக் காட்டினார். “ஒரே பொண்ணு. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு பேரு, பின்னாடி ஒரு பேரு. பிறந்த தேதியும் தப்பா ஏறியிருக்கு. ரெண்டும் ஒரே ஆளுதான்னு உங்க நாலாவது கண்டுபிடிச்சிருக்கே, எப்படி?”

“யூகிக்கிறதுக்கு விதிகள் எழுதியிருக்கேன் சார்.”

எழுதியது என்னவோ உண்மைதான். இவ்வளவு புத்திசாலித்தனமாகவா எழுதினோம் என்று அவ்வப்போது உறுத்தும். உட்கார்ந்து யோசிக்கத்தான் தெம்பு இல்லை. இன்று மாலைக்குள் விண்ணப்பம் போகாவிட்டால் நிர்வாகம் வெளியிலிருந்து ஒரு மென்பொருளை வாங்கிவிடும். நான்கு வருஷமும் வீண்.

“அந்தச் செவ்வாய்க்கிழமை விவகாரம்?”

“முதல்ல மாசத்துல ஒரு செவ்வாய்தான் சார். அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை. இப்ப ஒரு மாசமா வாராவாரம். பொழுதுக்கும் தேடிட்டேன், ஒண்ணும் பிடிபடலை.”

“காப்புரிமை அலுவலகத்துல கண்டிப்பா கேட்பாங்க. காரணத்தைக் கண்டுபிடிச்சு வைங்க.” வக்கீல் விண்ணப்பத்தை நகர்த்தினார். “இப்போதைக்கு இதுல கையெழுத்துப் போடுங்க.”

‘கேள்வி புறப்படுவதிலிருந்து பதில் வந்து சேரும் வரை மனிதக் கை எங்கும் படுவதில்லை என உறுதி கூறுகிறேன்’ என்றது முதல் வரி. புரோகிராமர் கையெழுத்துப் போட்டார். வக்கீல் அதைப் படமெடுத்து, ஒரு பொத்தானை அழுத்தினார். விண்ணப்பம் போய்விட்டது. சந்தோஷப்பட வேண்டும் என்று புரோகிராமருக்குத் தோன்றியது. கொட்டாவிதான் வந்தது.

மணி இரண்டு பத்து. திரையில் நான்காவது விழித்துக்கொண்டது.

சூட்டோடு சூடாக, கீழே பதிவறையில் இருக்கும் அந்த மெஷினை நேரிலேயே பார்த்துவிடலாம் என்று புரோகிராமர் படியிறங்கினார். செவ்வாய்க்கிழமைகளில் யாராவது சுவிட்சை அணைத்துத் தொலைக்கிறார்களோ என்னவோ. நான்கு வருஷத்தில் அவர் கீழே வருவது இதுதான் முதல் தடவை.

பதிவறையில் கூரை வரைக்கும் பழைய பதிவேடுகள். மூலையில் அந்தக் கம்ப்யூட்டர். மேலே போர்த்தியிருந்த துணியில் விரல் கனத்துக்குத் தூசி. அதன் வயரைப் பிடித்துக்கொண்டே போனார். பாதியிலேயே முடிந்துவிட்டது.

“எலி கடிச்சிருச்சு சார். பழைய குமாஸ்தா இடத்துக்கு நான் வர்றதுக்கு முன்னாடியே” என்றது ஒரு குரல்.

அலமாரிக்குப் பின்னால் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, தோளிலிருந்து கைப்பையைக்கூட இறக்காமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பதிவேடு, காதில் போன். ‘இருங்க’ என்று அவருக்குக் கைகாட்டிவிட்டுப் போனில் பேசினாள். “அம்மா, கல்யாணத்துக்கு முன்னாடி உங்க பேரு என்ன? அதேதானே? சரி, ஒரே ஆளுன்னு போட்டுடறேன்.”

அவளுக்குப் பக்கத்தில் ஒரு பிரிண்டர் கரகரவென்று உறுமி, ஒரு சீட்டைத் துப்பியது. சீட்டின் தலைப்பில் புரோகிராமரின் பெயர் இருந்தது. அவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“நீங்கதானா சார் அது? நல்லவேளை, நீங்களே வந்தீங்க. காலையில செக்கப்புக்குப் போயிருந்தேன். நாளைக்கே அட்மிட் ஆகணும்னு சொல்லிட்டாங்க” என்றாள் அவள், சீட்டை எடுத்து அவரிடம் நீட்டியபடி.

“இனிமே உங்க சீட்டுக்கெல்லாம் யாரு சார் பதில் போடுவாங்க?”