வேண்டாத நன்கொடை

“இது உன் வேலிக் கல்லுதானேய்யா?”

முந்தின நாள் மலைப்பாதை வளைவில் கிடந்த கல்லை ரோந்துக் குழுத் தலைவர் மேஜைமேல் தொப்பென்று வைத்தார். வாசலில் நின்ற தோட்டக்காரர் தோளிலிருந்த மூட்டையை இறக்காமலேயே அதைப் பார்த்தார்.

“என் வேலிக் கல்லுதான்.”

“கேட்டுக்கிட்டீங்களா? அவன் வாயாலேயே ஒத்துக்கிட்டான்.”

மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுபவர்கள் விழுந்தால் தூக்கி வருவதற்காகச் சம்பளமில்லாமல் சேர்ந்த குழு அது. அந்தத் தகரக் கொட்டகையில் அப்போது தலைவரோடு மருந்துக்கடைக்காரரும் நர்ஸும் இருந்தார்கள். நர்ஸின் தம்பி போன மாதம் அதே வளைவில் இப்படியொரு கல்லில் மோதி, இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறான்.

கல் வைப்பது யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சைக்கிள்கள் வேலியை இடித்தபோதெல்லாம், “ஒருநாள் எல்லாரும் கழுத்தை முறிச்சுக்கிட்டுக் கிடப்பீங்க” என்று சாபம் விட்டவர் இந்தத் தோட்டக்காரர்தான்.

அவர் மூட்டையைப் பிரித்தார். ஒரு மடக்கு ஸ்ட்ரெச்சர், நாலு வாக்கி-டாக்கி, பை நிறையக் கட்டுத்துணி.

“குழுவுக்கு நன்கொடை.”

“கொல்றதும் நீங்க, பாடை கொண்டாறதும் நீங்களா?” என்றாள் நர்ஸ்.

தலைவர் சிரித்தார்.

“பாவத்தைக் கழுவ வந்திருக்கான். வெச்சுட்டுப் போகட்டும்மா, பொருள் என்ன பாவம் பண்ணிச்சு?”

சொல்லிக்கொண்டே வாக்கி-டாக்கிகளைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். யார் விழுந்தாலும் முதலில் போய் நிற்பவர் அவர். மறுநாள் பேப்பரில் அவர் படம் வரும். பின்னாலேயே ஹெல்மெட், விளக்கு என்று யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள்.

கடைசியாகத் தோட்டக்காரர் ஒரு சின்னப் பச்சைப் பெட்டியை வெளியே எடுத்தார்.

“அது என்னது?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“கேமரா. காட்டுப்பன்னி நடமாட்டம் பாக்க வாங்கினது. மரத்துல கட்டி வெச்சா, குறுக்க யார் போனாலும் தானா படம் புடிக்கும்.”

“அப்ப அதை வளைவுல கட்டிடலாமே. கல்லு வெக்கறவன் கையும் களவுமா மாட்டுவான்.”

தலைவர் முகம் கடுகடுத்தது. “கல்லு வெக்கறவன் கண்ணு முன்னாடி நிக்கறான், கேமரா எதுக்கு? அவன் குடுக்கற கேமராவுல அவன் மூஞ்சி விழுமா? மத்ததை வெச்சுட்டு இதை மட்டும் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க.”

நர்ஸுக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. அவள் பெட்டியை எடுத்துத் தோட்டக்காரரின் நெஞ்சில் இடித்துக் கொடுத்தாள். அதன் வாரில் படிந்திருந்த ஈரப்பாசி உள்ளங்கையில் ஒட்டியது, எரிச்சலோடு துடைத்துக்கொண்டாள்.

“கிளம்புங்க. என் தம்பி இன்னும் எழுந்து நிக்கல. உங்க முகத்தைப் பாக்கவே எனக்குப் பத்திக்கிட்டு வருது.”

தோட்டக்காரர் நகரவில்லை. பெட்டியை மெல்லத் திருப்பி அவள் கையிலேயே வைத்தார்.

“உன் தம்பி விழுந்த மறுநாளே இதை அந்த வளைவுல கட்டிட்டேன்மா. இன்னைக்குக் காலைலதான் அவுத்தேன்.”

மருந்துக்கடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார். வந்ததிலிருந்து முதல் தடவையாகத் தோட்டக்காரர் தலைவரை நேருக்கு நேர் பார்த்தார்.

“நீங்களே போட்டுக் காட்டறீங்களா தலைவரே, இல்ல நான் காட்டட்டுமா?”