முப்பத்தோராம் வாரத்து முட்டை

“அந்தப் பொம்பளையை இன்னும் ஏம்மா அவங்க வீட்டோட வச்சிருக்காங்க?”

கேட்டவர் தயாரிப்பாளர். போனின் இந்தப் பக்கம், அவருடைய நகைச்சுவைத் தொடரை வாராவாரம் எழுதுகிறவள். ‘அந்தப் பொம்பளை’ தொடரில் வரும் மாமியார். கதவைத் தட்டாமல் வருவாள், அலமாரியைக் கலைப்பாள், எதைத் தொட்டாலும் நொட்டை நொள்ளை சொல்லுவாள்.

பார்க்கிறவர்கள் எல்லாரும் இதையேதான் கேட்கிறார்களாம். குடும்பமே பொறுத்துக்கொண்டு போகிறதே, என்ன காரணம் என்று.

“சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள ஒரு காரணம் சொல்லு. இல்லன்னா கிழவியை மாடிப்படியில உருட்டி விட்டுடுவோம். எழுத வேற ஆளும் பார்த்து வச்சிருக்கேன்.”

வைத்துவிட்டார். ரெண்டு வருஷமாக அவள் உயிரைக் கொடுத்துப் பார்க்கிற வேலை.

காரணத்துக்கு அவள் எங்கே போவாள்? அந்தக் கிழவி கற்பனையா என்ன? மேல்மாடியில் குடியிருக்கிற அவளுடைய சொந்த மாமியார்தான்.

கையில் தனிச் சாவி உண்டு. மணி அடிக்கிற பழக்கமெல்லாம் கிடையாது. இத்தனைக்கும் கல்யாணமான புதிதில் வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷி. வயசு ஏற ஏற வாயும் ஏறும் போலிருக்கிறது என்று மருமகள் முடிவு கட்டியிருந்தாள்.

இந்த வேலை கிடைத்த புதிதில் ஒரு வரி வரவில்லை. வெள்ளைத்தாளை முறைத்துக்கொண்டு மூன்று நாள் அழுதாள். நாலாம் நாள் மாமியார் வந்து, துண்டை மூன்றாக மடிக்காமல் ரெண்டாக மடித்ததற்காக ஒரு மணி நேரம் வறுத்தெடுத்தார். ஆத்திரத்தில் அதை அப்படியே எழுதிக் கொடுத்தாள். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் நோட்டும் கையுமாக இருந்தால் போதும், மிச்சத்தை மாமியார் பார்த்துக்கொண்டார்.

கூத்து என்னவென்றால், மாமியாரும் வாராவாரம் இதே சோபாவில் உட்கார்ந்துதான் தொடரைப் பார்ப்பார். “இப்படியும் ஒருத்தி இருப்பாளா?” என்று டிவியைப் பார்த்துக் கேட்பார். புருஷன்காரன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். மருமகளுக்குக் குறுகுறுப்பு ஒரு பக்கம், நல்லவேளை தெரியவில்லை என்ற நிம்மதி ஒரு பக்கம்.

இன்று மூன்று காரணம் எழுதிப் பார்த்தாள். வீடு கிழவி பேரில் இருக்கிறது. கிழவிக்கு நெஞ்சு வலி. மகன் பயந்தாங்கொள்ளி. எதுவும் அவளுக்கே ஒட்டவில்லை.

பதினொரு மணிக்குச் சாவி திரும்பியது. வந்த வேகத்தில் மாமியார் ஜன்னல் திரையைப் பிடித்துக்கொண்டார். இதைத் துவைத்து எத்தனை மாசமாகிறது என்று ஆரம்பித்தார். மருமகள் பேனாவைக் கீழே வைத்தாள்.

“அத்தை, இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்க. அஞ்சு மணிக்குள்ள ஒரு காரணம் சொல்லலன்னா என் வேலை போயிடும்.”

என்ன காரணம் என்று கேட்டார். வாய் தவறி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அந்த மாமியாரை அந்தக் குடும்பம் ஏன் சகித்துக்கொள்கிறது என்று யாருக்குமே புரியவில்லையாம், எழுதுகிற அவளுக்கே தெரியவில்லையாம்.

மாமியாரின் முகம் சுருங்கிவிட்டது. திரையைப் பாதியில் விட்டுவிட்டு மேலே போய்விட்டார்.

போச்சு, புரிந்துவிட்டது. வயசானவரை ரெண்டு வருஷமாக ஊரே பார்த்துச் சிரிக்கும்படி செய்துவிட்டோமே என்று மருமகளுக்கு மனசு அடித்துக்கொண்டது. மேலே போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று எழுந்தாள். தைரியம் வராமல் உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

மூன்று மணிக்கு மறுபடியும் சாவி. மாமியார் வந்தார், பின்னாலேயே மாமனார். மாமியார் மருமகளை ஏறெடுத்தும் பார்க்காமல் நேரே போய் ஃபிரிட்ஜைத் திறந்தார்.

“முட்டையைக் கூர்ப்பக்கம் மேல பார்க்கவா அடுக்குறது? உனக்கு எத்தனை தடவை சொல்றது? இந்த வீட்டுல என் பேச்சுக்கு ஒரு மரியாதை...”

பழக்க தோஷம். மருமகளின் கை தானாக நோட்டைத் தேடி எடுத்தது.

மாமியார் பாதியில் நின்றார். கையில் முட்டையை வைத்துக்கொண்டே விரல் விட்டு எண்ணினார். பிறகு திரும்பி, குரலைத் தாழ்த்தினார்.

“என்னங்க, முட்டை தொடர்ல ஏற்கெனவே வந்துடுச்சு இல்ல?”

“முப்பத்தோராவது வாரமே வந்துடுச்சு,” என்றார் மாமனார். “செருப்பு அலமாரின்னுதானே மேல ஒத்திகை பார்த்தோம்?”

மருமகளின் கையிலிருந்து நோட்டு விழுந்தது. துண்டு, திரை, முட்டை, எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. மூன்று நாள் அவள் அழுது முடித்த அந்த நாலாம் நாளும் வந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வர, போனை எடுத்தாள். தயாரிப்பாளரிடம் காரணத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

அவர் முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

“நல்லாத்தான்மா இருக்கு. ஆனா நிஜத்துல இப்படியும் ஒருத்தி இருப்பாளா?”

மருமகள் போனைச் செருப்பு அலமாரிப் பக்கமாக நீட்டினாள். அங்கே மாமியார் ஆரம்பித்திருந்தார்.