ஓரெழுத்துச் சொல்

“‘அவ’ இல்லைங்க ஐயா, ‘அவங்க’! எத்தனை தடவை சொல்றது?”

பயிற்சியாளர் கையிலிருந்த பேனாவை மேசைமேல் போட்டார். கட்சி அலுவலகத்தின் பின்னறையில் இரண்டு மேசைகளை எதிரெதிரே இழுத்துப் போட்டு, ஒன்றின் பின்னால் வேட்பாளரை நிறுத்தியிருந்தார். மற்றதன் பின்னால் வக்கீலம்மாவாக அவரே நின்றார். எதிர்க்கட்சியின் வேட்பாளர் அந்த வக்கீலம்மாதான். அன்று மாலை தொலைக்காட்சியில் இருவருக்கும் கடைசி விவாதம்.

“சரி தம்பி, அவங்க. இனிமே தவறாது.”

“போன விவாதத்துக்கு முன்னாடியும் இதைத்தான் சொன்னீங்க. அங்கே போய், ‘நீ கொஞ்சம் சும்மா இரு’ன்னுட்டீங்க. அந்த ஒரு ‘நீ’யை மட்டும் வெட்டி எடுத்து ஊர் முழுக்கப் போட்டுக் காட்டிட்டாங்க. பெண்கள் ஓட்டுல பாதி போச்சு. ஒரே ஒரு எழுத்துங்க ஐயா! இன்னிக்கும் அது வந்துச்சுன்னா, வீட்டுக்குப் போய்ப் போர்த்திக்கிட்டுப் படுக்க வேண்டியதுதான்.”

“நாக்குப் பழக்கம் தம்பி. நீங்க உங்க வீட்டுல யாரை ‘நீங்க’ன்னு கூப்பிடுவீங்க?”

“மாமியாரை. பயம்!”

இருவரும் சிரித்தார்கள். பயிற்சியாளர்தான் முதலில் நிறுத்தினார்.

“பழக்கத்தையெல்லாம் வாசல்ல விட்டுட்டு வாங்க. விளக்கு எரிஞ்சா நீங்க ரெண்டு பேரும் ரெண்டு வேட்பாளர். வேற ஒண்ணும் கிடையாது. இப்ப கேக்கறேன், கோபப்படாமப் பதில் சொல்லுங்க. மக்களைப் பார்த்துக்குவேன்னு சொல்றீங்களே, உங்க மனைவி சாகக் கிடந்தப்போ நீங்க எங்கே இருந்தீங்க?”

வேட்பாளரின் விரல்கள் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டன.

“அதை அவ கேக்க மாட்டா.”

“அவங்க!”

“அவங்க கேக்க மாட்டாங்க.”

“எதை வச்சுச் சொல்றீங்க? ஜெயிக்கணும்னு வந்துட்டா எதையும் கேப்பாங்க ஐயா. கேட்டா, ‘என் துக்கத்தை அரசியலாக்காதீங்க’. இந்த ஒரே வரி. அதுக்கு மேல வாயைத் திறக்கக் கூடாது. சொல்லிப் பாருங்க.”

வேட்பாளர் சொல்லிப் பார்த்தார். திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான் குரல் நடுங்காமல் வந்தது.

மாலையில், தொலைக்காட்சி நிலையத்தில் முகத்துக்குப் பவுடர் போட வந்த பெண்ணிடம் அவர் மெதுவாகக் கேட்டார்: “அந்தப் பக்கமும் நீதானேம்மா போட்டுவிட்டே? அவங்க ஏதாவது சாப்பிட்டாங்களா?”

“இல்லீங்க. தண்ணிகூட வேணாம்னுட்டாங்க.”

“எதிராளியோட வயிறு நமக்கெதுக்குங்க ஐயா?” பயிற்சியாளர் பல்லைக் கடித்தார்.

வேட்பாளர் கண்களை மூடிக்கொண்டார். ‘ஆண்டவனே, என் நாக்குக்குக் காவல் இரு.’

விவாதத்தில் அனல் பறந்தது. வக்கீலம்மா கூண்டில் நிற்பவனைக் கேட்பதுபோல் வெட்டி வெட்டிக் கேட்டார்.

“உங்களைப் பதவி வெறி பிடிச்சவர்னு சொன்னா தப்பா?”

“சொல்ல உங்களுக்கு இல்லாத உரிமையாங்க? தாராளமாச் சொல்லுங்க.”

அரங்கில் பார்க்க வந்திருந்த கூட்டம் சிரித்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்ற பயிற்சியாளருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ‘நீங்க’வைத் தவிர வேறெதுவும் ஐயாவின் வாயில் வரவில்லை.

கடைசிச் சுற்றில் அந்தக் கேள்வி வந்தே விட்டது.

“மக்களைப் பார்த்துக்குவேன்னு சொல்றீங்க. உங்க மனைவி ஆஸ்பத்திரியில மூச்சுக்குத் தவிச்ச அன்னிக்கு நீங்க எங்கே இருந்தீங்க?”

பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்த வரியை வேட்பாளர் சொல்லவில்லை.

“கூட்டத்துல பேசிட்டிருந்தேங்க. உடனே வாங்கன்னு சேதி வந்துச்சு. பேசி முடிச்சிட்டுப் போனேன். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு. நீங்க கேட்டது நியாயம்தாங்க. என்கிட்ட பதில் இல்லை.”

குரல் உயரவில்லை. முகம் கறுக்கவில்லை.

வக்கீலம்மாவுக்கு இன்னும் நேரம் இருந்தது. அடுத்த கேள்வி இருந்த தாளை எடுத்தவர், அதை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். கன்னத்துப் பவுடரில் ஈரமாக ஒரு கோடு இறங்கியது. கேமரா ஆசையோடு அவர் முகத்தை நெருங்கியது.

“கவுந்துட்டாங்க!” பயிற்சியாளர் தொடையைத் தட்டினார். “ஐயா பேசாம நின்னாலே போதும், ஜெயிச்சாச்சு!”

வேட்பாளர் நிற்கவில்லை. தனக்கு வைத்திருந்த தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு, ஊரெல்லாம் பார்க்க, அந்தப் பக்கம் நடந்தார்.

“வேணாங்க ஐயா, வேணாம்...” பயிற்சியாளர் தலையில் கைவைத்தார்.

தோற்கப் போகிறோம் என்று தெரிந்தே ஒரு சிறு உதவியைச் செய்கிறவனின் முகத்தில், எந்தப் பயிற்சியும் தர முடியாத அமைதி ஒன்று இருக்கும். அது அவர் முகத்தில் இருந்தது.

“குடி,” என்றார். மைக் அணையவில்லை. “நான் இல்லாட்டி என்ன? நீ இருந்தியே கண்ணு, கடைசி வரைக்கும் உங்கம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு!”