ஆறு வருடத்து நெஞ்சுவலி

கோட்டை வாசல் வரை வந்துவிட்டார். வாய்தான் வரவில்லை.

ஜெர்மனிக்கு வந்து மூன்று நாளாயிற்று. மகளிடம் மன்னிப்புக் கேட்கவென்றே அத்தனை தூரம் பிளேன் ஏறி வந்தவர். பாழாய்ப்போன வாய் திறந்தால்தானே!

காலையில் படகிலேயே கேட்டிருக்கலாம். ரைன் ஆற்றங்கரையில் வரிசையாகக் கோட்டைகள். மகள் சுகந்தி ஒவ்வொன்றையும் காட்டிக் கதை கதையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். பாறைமேல் உட்கார்ந்து பாடியே படகுகளைக் கவிழ்த்தவள். எலிகள் கடித்துத் தின்ற பாதிரியார். இவர் "அப்படியா, அப்படியா" என்று தலையாட்டிக்கொண்டு வந்தார்.

இந்தக் கோட்டையைப் பற்றி மட்டும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியதும் இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் கல்யாணம் நடந்தது இங்கேதான். மாப்பிள்ளை ஜெர்மன்காரர். அப்பாவுக்கு டிக்கெட்டே அனுப்பியிருந்தாள்.

இவர் வரவில்லை.

உடம்புக்கு ஒன்றுமில்லை. குத்துக்கல்லாட்டம் இருந்தார். சொந்தபந்தம் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதே என்று, அன்றைக்குக் கோபியில் மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். பெற்ற மகளின் கல்யாணத்தன்று! எந்த மனுஷன் செய்வான்?

வாசலில் டிக்கெட் கொடுக்கும் கிழவிக்கு மகளை அடையாளம் தெரிந்துவிட்டது. கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறகு இவரைக் காட்டி ஏதோ கேட்டாள். மகள் தலையாட்டினாள்.

கிழவி கவுண்ட்டரை விட்டு வெளியே வந்து இவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிக் கடகடவென்று ஏதோ சொன்னாள்.

"என்ன கண்ணு சொல்றாங்க?"

மகள் கீழே ஆற்றைப் பார்த்தாள்.

"நெஞ்சு ஆபரேசன் பண்ணுனது இப்பத் தேவலையான்னு கேக்கறாங்கப்பா."

ஆற்றைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கல்யாணத்தன்னிக்கு எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். உங்களுக்காக எல்லாரும் எந்திரிச்சு நின்னு பிரேயர் பண்ணாங்க."



அவர் பந்தியில் பாயசம் கேட்ட நாளில், முன்பின் தெரியாத ஜனம் அவர் பிழைக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அப்பன் வரமாட்டேன் என்றுவிட்டான் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

கிழவி பதிலுக்குக் காத்திருந்தாள்.

அவர் நெஞ்சில் கையை வைத்தார்.

"தேவலைன்னு சொல்லு கண்ணு."

கோட்டையைச் சுற்றிப் பார்த்ததாகப் பேர். ஒன்றும் மனசில் தங்கவில்லை.

வாசலைத் தாண்டிப் படி இறங்கும்போது மகள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு படி இறங்கியிருப்பார்கள். தானாகவே வாயில் வந்துவிட்டது.

"என்னை மன்னிச்சுரு கண்ணு."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிடியையும் விடவில்லை.

"மெதுவா எறங்குங்கப்பா. அந்தம்மா பாத்துட்டிருக்காங்க."