கொஞ்சம் குலுங்கட்டும்

"வண்டி குலுங்கவே மாட்டேங்குதுங்க. சரி பண்ணிக் கொடுங்க."

இருபது வருஷமாக ஒர்க்‌ஷாப் நடத்தும் மெக்கானிக், இப்படி ஒரு புகாரை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார். எதிரே நின்றவர் பல் டாக்டர். வயசு ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஆள் பூனை மாதிரி. வண்டி மட்டும் நானூறு குதிரை சக்தி.

"திருப்பிச் சொல்லுங்க டாக்டர். குலுங்குதா, குலுங்கலையா?"

"குலுங்கல. நீங்க வேலை பார்த்துக் கொடுத்ததுலேர்ந்து சுத்தமா இல்ல."

மெக்கானிக்கின் காது சிவந்தது. போன வாரம் இதே வண்டி உள்ளே நுழைந்தபோது, நானூறு குதிரையும் ஒன்றையொன்று உதைத்துக்கொள்கிற மாதிரி இருந்தது. பானட்டைத் திறந்து வைத்து, டாக்டரை பிரேக்கை மிதித்தபடி கியரைப் போட்டு லேசாக ஆக்ஸிலரேட்டரைத் தொடச் சொன்னார். எஞ்சின் ஒரு பக்கமாக எழுந்து, 'டொக்' என்று உட்கார்ந்தது.

சந்தேகமே இல்லை. எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கிற ரப்பர் மவுண்ட் மூன்றும் காலி. ஒன்று இரண்டாகக் கிழிந்தே போயிருந்தது.

"இப்படிக் கிழியணும்னா வண்டியைப் பாடாப் படுத்தியிருக்கணுமே. சிக்னல்ல பச்சை விழுந்ததும் ஒரே மிதியா?"

"சிக்னல்ல எல்லாம் இல்லைங்க. எங்க தெருவுலதான். சாயங்காலம் க்ளினிக்கிலேர்ந்து வந்ததும், நின்ன இடத்துலயே பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பத்து நிமிஷம்..."

"தெருவே ஜன்னலைத் திறந்து பார்க்கணும்?"

டாக்டர் சிரித்து மழுப்பினார். பில் போடும் மேஜையிலிருந்து மெக்கானிக்கின் மனைவி முணுமுணுத்தாள். "பல்லு விழற வயசுல பந்தா முளைச்சிருக்கு."

அன்றைக்கு எஞ்சினை ஜாக்கியில் தாங்கி நிறுத்தி, மூன்று மவுண்டையும் மாற்றி, ஸ்டார்ட் செய்தது கூடத் தெரியாத அளவுக்கு வண்டியை அமைதியாக்கித் திருப்பிக் கொடுத்திருந்தார். அதற்குத்தான் இந்தப் பரிசு.

"டாக்டர், கோவிச்சுக்காதீங்க. உங்ககிட்ட வர்றவங்களுக்குப் பல் ஆடினா பிடுங்கிடறீங்க. எஞ்சின் ஆடினா மட்டும் ரசிக்கிறீங்களா?"

"அந்தப் பழைய மவுண்ட் இருக்கா? அதையே மாட்டிடுங்களேன்."

"எது, கிழிஞ்சதையா?" மெக்கானிக் குரலை உயர்த்தினார். "எஞ்சின் இன்னும் கொஞ்சம் சாய்ஞ்சிருந்தா தண்ணி போற ஹோஸைப் பிடுங்கிக்கிட்டு நடுரோட்டுல நின்னிருப்பீங்க. நீங்க மட்டும் போனா பரவாயில்ல, எதிர்ல வர்றவன் என்ன பாவம் பண்ணான்?"

டாக்டரின் முகம் தொங்கிப்போனது. "ஆபத்து இல்லாம குலுங்கறதுக்கு வழியே கிடையாதா?"

இருக்கிறது. ரேஸ் ஓட்டுகிறவர்கள் போடுகிற கெட்டி மவுண்ட். எஞ்சினை அசையவே விடாது. ஆனால் அதன் துடிப்பை எல்லாம் அப்படியே வண்டிக்குள் இறக்கிவிடும்.

"போடலாம். ஆனா ஸ்டியரிங் நடுங்கும். கண்ணாடி நடுங்கும். சீட்டு நடுங்கும். உட்கார்ந்தா உச்சந்தலை வரைக்கும் ஏறும்."

"அப்படியா!" டாக்டருக்கு லாட்டரி விழுந்த முகம். "அதைத்தாங்க போடணும்!"

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள்.

பார்ட்ஸ் வந்து சேர நாலு நாள் ஆனது. கழற்றி மாட்ட அரை நாள். சாவியைத் திருப்பியதும் மெக்கானிக்கின் சட்டைப்பையில் இருந்த பேனாவே நடுங்கியது. இவ்வளவு கேவலமாக ஒரு வண்டியைத் தன் கையால் வெளியே அனுப்பியதே இல்லை.

"எங்க பேரை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க டாக்டர்."

"நீங்களும் வீடு வரைக்கும் வாங்க. சரியா இருக்கான்னு எங்க அக்காதான் சொல்லணும்."

"ஓ! இந்தக் குலுக்கலுக்கு சர்டிபிகேட் கொடுக்க வீட்ல ஒரு ஆபீசர் வேற இருக்காங்களா?"

டாக்டர் அதற்கும் சிரித்தார். எதைச் சொன்னாலும் உறைக்காத ஜென்மம் என்று மெக்கானிக் முடிவுகட்டி, பின் சீட்டில் ஏறிக்கொண்டார்.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும், மாடி பால்கனியிலிருந்து அடுத்த வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். மெக்கானிக்கின் மனசு குளிர்ந்தது. நம்ம கட்சிக்கு ஒரு ஆள்.

அறுபது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மா, செருப்பைப் பாதி மாட்டியும் மாட்டாமலும் ஓடிவந்தார். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, செருப்பை உதறிவிட்டுப் பாதம் இரண்டையும் தரையில் பதித்தார். உள்ளங்கைகளை டேஷ்போர்டில் அழுத்தி வைத்துக்கொண்டார். ஒரு நிமிஷம் அசையவில்லை.

பிறகு முகமெல்லாம் பல்லாகத் தம்பியைப் பார்த்தார்.

"வந்துடுச்சுடா! முன்னைவிட ஜோரா இருக்கு!" தெருமுனை வரை கேட்கும் குரல். "சும்மா உட்கார்ந்திருக்கியே, பாட்டைப் போடுடா!"

குடும்பமே இப்படித்தானா! மெக்கானிக்கால் அடக்க முடியவில்லை. முன்னால் குனிந்து கேட்டார்.

"ஏம்மா, இந்த இரைச்சல்ல பாட்டு எங்கம்மா கேக்கப் போகுது?"

அந்த அம்மா திரும்பவே இல்லை.

"அக்காவுக்கு எட்டு வருஷமா எதுவுமே கேக்காதுங்க" என்று சொல்லிவிட்டு, டாக்டர் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார்.