கடைசிக் குழி

நாலு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டு, நீதிபதி அதன் மேல் காலை வைத்து அழுத்தினார். சின்னதாக, வெள்ளையாகப் புல்லின் மேல் கிடந்த அது, சத்தமே இல்லாமல் ஈர மண்ணுக்குள் இறங்கியது.

காலை எடுத்தபோது உச்சந்தலை மட்டும் வெளியே தெரிந்தது. பல் டாக்டரின் கோல்ஃப் பந்து.

ஓய்வு பெறும்வரை ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொன்ன மனுஷர். அடுத்த வீட்டுப் பூவைக்கூடக் கேட்காமல் பறித்ததில்லை. ஆனால் பந்தயம் அப்படி.

"மர மட்டையில உங்கள யாரும் ஜெயிச்சதில்லையேப்பா. டாக்டர் ஜெயிச்சுட்டா எங்க கல்யாணத்துக்குச் சரின்னு சொல்லணும். தோத்துட்டா இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்" என்று மகள் சொன்னபோது, சிரித்துக்கொண்டே தலையாட்டியிருந்தார்.

அவர் சேர்த்து வைத்திருக்கும் அந்தக் காலத்து மட்டைகளுக்குத் தண்டு மரம். அவசரத்தைப் பொறுத்துக்கொள்ளாது. முரட்டுத்தனமாக வீசினால் வளைந்து, பந்தை எங்கேயோ அனுப்பிவிடும். பெரிய பலசாலிகளெல்லாம் அதில் கவிழ்ந்திருக்கிறார்கள். இந்தப் பல் டாக்டரோ, பயந்த நோயாளியின் வாயைத் திறக்கிற பதத்தில் பொறுமையாக வீசினான். கடைசிக் குழிவரை சரிக்குச் சரியாக வந்துவிட்டான்.

அவனிடம் குறை ஏதுமில்லை. மகளும் போய்விட்டால் சாப்பாட்டு மேசையில் எதிர் நாற்காலி காலி. குறை அவ்வளவுதான்.

கடைசிக் குழிக்கு அவன் அடித்த பந்து முள்புதரை நோக்கிப் பறந்தபோது அவர் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பந்து தொலைந்தால் ஆட்டம் முடிந்த மாதிரிதான். ஆனால் மட்டைப் பையோடு முன்னால் ஓடிய மகள், "இதோ கிடக்குப்பா!" என்று கத்தினாள். புதருக்கு வெளியே, அழகாகப் புல்லின் மேல். அவனுக்கு நல்ல நேரம்! புதருக்கு அந்தப் பக்கம் தேடிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட அவள் போன இடைவெளியில்தான் காரியம் நடந்தது.

டாக்டர் வந்து குனிந்து பார்த்தான். "என்ன இது, முளைக்கப் போட்ட மாதிரி இருக்கு?"

"மேலதானே இருந்..." என்று ஆரம்பித்த மகள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"கிடக்கற இடத்துலேர்ந்துதான் அடிக்கணும், டாக்டர்" என்றார் நீதிபதி, ஆகாயத்தைப் பார்த்தபடி.

அடித்தான். மண்தான் பறந்தது. ஆட்டம் நீதிபதிக்கு.

"நியாயமா ஜெயிச்சுட்டீங்க சார்" என்று கை நீட்டினான். கண் கலங்கியிருந்தாலும் சிரித்தான். மகள் தலையையே நிமிர்த்தவில்லை.

அந்த 'நியாயமா' அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இந்த ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது, தன் தப்பைத் தானேதான் சொல்லிக்கொள்ள வேண்டும். கிளப் வராந்தாவில் உட்கார்ந்தார். எதிரே அவன், இரவல் வாங்கிய மட்டைகளை ஒவ்வொன்றாக ஈரம் போகத் துடைத்துக்கொண்டிருந்தான், குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி.

"மாப்பிள்ளை!"

துணி அவன் கையிலேயே நின்றது.

"ஜெயிச்சது நீங்க. உங்க பந்து நல்லாத்தான் கிடந்துச்சு. நான்தான் மிதிச்சு அமுக்கிட்டேன். இந்த வயசுல எனக்குப் புத்தி போன போக்கப் பாருங்க. மன்னிச்சுக்கோங்க. கல்யாணத் தேதிய நீங்களே சொல்லுங்க."

மனம் லேசானது. மகளைத் திரும்பிப் பார்த்தார். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தால், பையின் வாரைத் திருகியபடி முகம் வெளுத்து நின்றாள்.

"என்னம்மா, அப்பா மேல கோபமா?"

அவள் டாக்டரைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"அவர் பந்து இன்னும் புதருக்குள்ளதான் கிடக்கு. நீங்க மிதிச்சது நான் போட்ட பந்துப்பா."